ஒண்ணுமில்லை என்றால் நம்பாதவர்

டீக்கடையில் டீ ஊற்றும் முன்பே எங்கள் பக்கத்து வீட்டம்மா கண்ணாடி டம்ளரைக் கேட்டு வாங்கி, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். காதருகே வைத்துக் கேட்பார். பிறகுதான் "ஊத்துங்க" என்று நீட்டுவார்.

"யம்மா, நீ டீ குடிக்க வந்தியா, டம்ளருக்குப் பொண்ணு பாக்க வந்தியா?" என்று கடைக்காரர் ஒவ்வொரு நாளும் கேட்பார்.

"விரிசல் டம்ளருல குடிச்சு என் ஒதடு கிழிஞ்சா நீயா வந்து தைப்ப?"

அந்தப் பழக்கம் அவருக்குத் தொழிலால் வந்தது. விருத்தாசலத்தில் நான் கணக்கராக வேலை பார்த்த பீங்கான் தொழிற்கூடத்தில், சூளையிலிருந்து இறங்கும் ஊறுகாய் ஜாடிகளைத் தரம் பிரிக்கிற கொட்டகையில் அவர் இருந்தார். ஜாடியின் கழுத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, சின்ன மரக்குச்சியால் வயிற்றில் தட்டுவார். ணங் என்று நீளமாகக் கேட்டால் நல்லது. டப் என்று அடங்கிவிட்டால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. மேலே பளபளப்பு ஒழுங்காக இருக்கும். "இது பேசல" என்று சொல்லி ஓரமாக வைத்துவிடுவார்.

ஒரு முறை லாரி காத்திருந்தது. எண்ணிக்கை குறைந்தது. அவர் ஓரம் கட்டிய ஜாடிகளில் ஆறை எடுத்துத் திரும்ப வரிசையில் வைத்தேன். "பாக்க நல்லாத்தான இருக்குது?" என்றேன்.

"பாக்க நல்லாத்தான் இருக்குது சார். நீங்களும் பாக்க நல்லாத்தான் இருக்கீங்க" என்றார். கொட்டகையே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடிக்காது.

பிடிக்காமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜாடியைப் போலவே அவர் மனிதர்களையும் விடமாட்டார். "என்னா ஒரு மாதிரி இருக்க?" என்று கேட்பார். "ஒண்ணுமில்ல" என்று சொன்னால் மற்றவர்கள் நகர்ந்துவிடுவார்கள். இவர் நகரமாட்டார். "அத நான் நம்பல. சொல்றப்ப சொல்லு" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். கேட்டதைத் திருப்பிக் கேட்கமாட்டார். சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருத்தலை யாராலும் தாங்க முடியாது. மூட்டை தூக்குகிற ஒருவர், ஆறடி ஆள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அப்படி அவர் பக்கத்தில் குலுங்கிக் குலுங்கி அழுததைப் பார்த்திருக்கிறேன். "அந்தம்மாகிட்ட மாட்டுனா வூட்டு விஷயம் அத்தனையும் கக்க வெச்சுடும்" என்று ஆட்கள் பேசிக்கொள்வார்கள். ஆனால் கேட்டதை அவர் யாரிடமும் சொன்னதாகப் பேச்சில்லை. புத்தி சொன்னதாகவும் பேச்சில்லை.

அவருக்கு அப்போது நாற்பதுக்குள்தான் இருக்கும். கணவர் இருந்தாரா, போய்விட்டாரா, பிள்ளை உண்டா, எதுவும் எனக்குத் தெரியாது. இந்த ஒரு வாரமாக அவரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மேற்கொண்டு எழுத ஓடாது.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள். அதில் ஒன்றில் நாங்கள், பக்கத்து வீட்டில் அவர். நடுச்சுவர் ஓடு வரைக்கும் எழும்பியிருக்காது. எங்கள் வீட்டில் தாளித்தால் அவருக்குத் தும்மல் வரும்.

என் மனைவி கஸ்தூரிக்கு அப்போது இருபது வயது. முதல் பிள்ளை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகவேண்டும். அவளுக்குத் தாய் இல்லை. கஸ்தூரிக்கு ஆறு வயதாக இருக்கும்போது இரண்டாவது பிரசவத்தில் தாயும் போய், பிள்ளையும் போய்விட்டது. அதனால் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து என் அம்மா வந்து எங்களோடு தங்கினார்.

வந்த அன்றே அம்மா சுவரைப் பார்த்தார். கஸ்தூரி கல்யாணமாகி வரும்போது துணியில் சுற்றிக் கொண்டுவந்த அவளுடைய அம்மா படம் மாட்டியிருந்தது.

"மாசமா இருக்குற பொண்ணு தெனமும் முழிக்கிற எடத்துல இதுவா இருக்கணும்? பெத்தெடுக்கப் போயி செத்தவங்க. அந்தப் பேச்சே காதுல வுழக்கூடாதுடா" என்றார்.

எனக்கும் சரியென்றே பட்டது. கஸ்தூரி குளிக்கப் போயிருந்தபோது படத்தை இறக்கி, டிரங்குப் பெட்டியின் அடியில் முகம் கவிழ வைத்துப் பூட்டினேன். அவள் வந்து பார்த்தாள். ஆணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் பேச்சு குறைந்தது. சாப்பாடு குறைந்தது. தூங்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மசக்கை என்றார் அம்மா. மசக்கை ஏழு மாதம் வரைக்குமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவள் எப்போதாவது, "எனக்கு என்னமோ பயமா..." என்று ஆரம்பித்தால், நானும் அம்மாவும் ஒரே குரலில், "பயப்படாத, ஒண்ணும் ஆவாது" என்று அந்த வாக்கியத்தை முடிக்கவிடாமல் மூடிவிடுவோம். தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. பச்சையும் சிவப்புமாக இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல்கள். பெண்கள் கேலி பேசினார்கள், பாடினார்கள். பக்கத்து வீட்டம்மாவை அம்மா முறைப்படி அழைக்கவில்லை. தனியாக இருக்கிற பொம்பளை, சந்தனம் பூசவேண்டாம் என்பது அம்மாவின் கணக்கு. அவர் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, வெளியே பந்தி கவனித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தார்.

"பொண்ணு சிரிக்குது சார். சத்தம் வரல."

"விசேஷ நாளும் அதுவுமா என்னா பேச்சு இது?" என்றேன்.

இரண்டு நாள் கழித்து வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன். அவர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். முழங்கையில் வெள்ளைக் களிமண் காய்ந்து ஒட்டியிருக்கிறது. எதிரில் கஸ்தூரி. அவர் கேட்டுக்கொண்டிருந்தது என் காதில் தெளிவாக விழுந்தது.

"ஆணி இருக்குது, படம் எங்க? ஒங்கம்மா எப்படிம்மா செத்தாங்க?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எழுந்திருங்க. இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராதீங்க. அறிவிருந்தா மாசமா இருக்குற பொண்ணுகிட்ட இப்படிக் கேப்பீங்களா?"

அவர் கோபப்படவில்லை. எழுந்தார். கஸ்தூரியிடம், "நான் செவுத்துக்கு அந்தப் பக்கந்தான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நாள் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மா சாப்பிட்டுப் படுத்துவிட்டார். கஸ்தூரி பின்பக்கம் பாத்திரம் தேய்க்கப் போனாள். நான் கூடத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். திடீரென்று வாசலில் அவர். காலில் செருப்பில்லை. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"சார், பொண்ணு எங்க?"

"பின்னாடி பாத்திரம் தேய்க்குது. நான்தான் வராதீங்கன்னு..."

"தேய்க்குற சத்தம் கேக்குதா ஒங்களுக்கு?"

கேட்டுப் பார்த்தேன். கேட்கவில்லை.

"வளையல் சத்தம்?"

அதுவும் இல்லை.

"நாலு நாளாவே வளையல் சத்தம் கம்மியாயிக்கிட்டே வந்துச்சு. இன்னிக்குச் சுத்தமா இல்ல. இப்ப பாத்திர சத்தமும் நின்னு கால் மணி நேரம் ஆவுது. நவுருங்க சார்."

பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர். நான் செய்தித்தாளின் ஒரு முழுப் பக்கத்தைப் படித்து முடித்திருந்தேன்.

பின்பக்கம் ஆறு வீட்டுக்கும் பொதுவான கிணறு. பாத்திரங்கள் சாம்பலோடு கிடந்தன. கஸ்தூரி கிணற்றின் சுற்றுச்சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கைகளைப் பார்த்தேன். பழைய புடவையைக் கிழித்து, நாலைந்து வளையல்களாகச் சேர்த்துச் சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தாள். ஒன்றோடொன்று இடிக்கவே முடியாது.

நான் கத்திக்கொண்டு ஓடியிருப்பேன். அவர் பின்பக்கமாகக் கையை நீட்டி என் நெஞ்சில் வைத்து நிறுத்தினார். அவர் மட்டும் மெல்ல நடந்து போனார். அவளைப் பிடித்து இழுக்கவில்லை. கிணற்றை ஒட்டியிருந்த துவைக்கிற கல்லில், அவளுக்குக் கை எட்டுகிற தூரத்தில், சாதாரணமாக உட்கார்ந்தார்.

"காலு வலிக்குதும்மா. நானும் இங்க ஒக்காந்துக்கறேன்."

கஸ்தூரி திரும்பவில்லை.

"என்னா நெனச்சுக்கிட்டிருக்க?"

"ஒண்ணுமில்லக்கா."

"அத நான் நம்பல. நீ சொல்றப்ப சொல்லு. எனக்கு இன்னிக்கு லீவுதான்."

பிறகு அவர் பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தூரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி பெட்டி பெட்டியாக ஜங்ஷனைக் கடந்தது. அது முழுவதும் கடந்து முடிகிற வரைக்கும் நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகு கஸ்தூரி பேசினாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கு என்னைய ரூமுக்கு வெளிய ஒக்கார வெச்சாங்கக்கா. கதவச் சாத்திட்டாங்க. எங்கம்மா கையில வளையல் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் நின்னுடுச்சு. அம்மா தூங்குறான்னு சொன்னாங்க... இப்ப என் கையில இது கெடந்து கத்துது. எப்ப நிக்கப்போவுதோ, எப்ப நிக்கப்போவுதோன்னு கேட்டுக்கிட்டே இருக்க முடியல. அதான் நானே நிறுத்திட்டேன். எப்படியும் சாவத்தான் போறேன், எதுக்குக் காத்திருக்கணும்னு தோணுதுக்கா."

அப்போதும் அவர், "அப்படிச் சொல்லாதே" என்று சொல்லவில்லை. "உம்" என்றார். "இத எத்தினி நாளா தனியா வெச்சிருக்க?" என்று கேட்டார்.

கஸ்தூரி சுவரிலிருந்து கையை எடுத்தாள். அப்படியே சரிந்து அவர் மடியில் விழுந்து அழுதாள். ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் அப்படி அழுவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அம்மா தூக்கம் கலைந்து ஓடிவந்து, "வாய மூடச் சொல்லுடா, அக்கம்பக்கம் கேக்கப்போவுது" என்றார். பக்கத்து வீட்டம்மா தலை நிமிர்ந்து, "கேக்கட்டும் பெரீம்மா. கேக்கத்தான் ஆளில்லாம போச்சு" என்றார்.

மறுநாள் காலை அவரே வேலைக்கு லீவு சொல்லிவிட்டு எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். லேடி டாக்டர் இளம்வயது. பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது மசக்கையும் இல்ல, காத்துக்கருப்பும் இல்ல. மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. இது மனசுல வந்திருக்குற நோவு. வாரத்துல ரெண்டு நாள் கூட்டிட்டு வாங்க, நான் ஒக்காந்து பேசுறேன். தனியா விடாதீங்க. வீட்டுல யார்கிட்ட மனசு விட்டுப் பேசுது?"

என்னிடம் என்று சொல்ல வாய் வரவில்லை. "பக்கத்து வூட்டம்மாகிட்ட" என்றேன்.

"அவுங்கள விட்டுடாதீங்க."

நான் விரட்டிவிட்டவரிடம் போய் நானே வரச்சொல்லிக் கேட்டேன். "நீங்களும் ஒக்காரணும் சார். அதுக்கு சம்மதம்னா வரேன்" என்றார்.

தினமும் வேலை முடிந்து, முகம் கழுவி, எங்கள் கூடத்தில் வந்து உட்கார்வார். "இன்னிக்கு என்னா நெனச்ச?" இதுதான் கேள்வி. சில நாள் கஸ்தூரி அரைமணி நேரம் பேசுவாள். சில நாள் ஒரு சொல் வராது. வராவிட்டாலும் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போவார். நான் ஓரத்தில் இருப்பேன். சாவு, ரத்தம், சாத்திய கதவு என்று என் மனைவி பேசுவதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடியிருப்பது, நான் அதுவரை செய்ததிலேயே கடினமான வேலை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கஸ்தூரி முதல் முறையாக என்னைப் பார்த்துச் சொன்னாள். "எங்கம்மா மொகத்த நீங்க பொட்டியில கவுத்துப் போட்டுட்டீங்க. என்னையும் அதுக்குள்ள போட்டுப் பூட்டுன மாதிரி இருந்துச்சு."

"ஒன் நல்லதுக்குத்தான..." என்று ஆரம்பித்தேன்.

"சார்" என்று அவர் குறுக்கிட்டார். "ஜாடியத் தட்டிட்டு நீங்களே ணங்குன்னு சொல்லிக்கிட்டா எப்படி? அது என்னா சொல்லுதுன்னு கேளுங்க."

கஸ்தூரி சிரித்துவிட்டாள். சத்தத்தோடு சிரித்தாள். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தேன். படத்தைத் துடைத்து அதே ஆணியில் மாட்டினேன். அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

கஸ்தூரியின் கையிலிருந்த துணிக்கட்டுகளைப் பக்கத்து வீட்டம்மா தொடவில்லை. அவிழ்க்கச் சொல்லவுமில்லை. "கட்டுனது நீ. அவுக்கணும்னு தோணுனா அவுத்துக்க" என்றார். அடுத்த வாரம் ஒரு நாள் மாவு பிசையும்போது இரண்டு வளையல்கள் இடிக்கிற சத்தம் கேட்டது. நான் சட்டைப் பொத்தானைப் போடாமல் அப்படியே நின்றேன். பத்து நாள் கழித்து இன்னொரு கட்டு. ஒரே சீராகக் கூடிக்கொண்டு போகவில்லை. அவிழ்த்ததை மறுபடி கட்டிய நாட்களும் உண்டு. அந்த நாட்களில் நான் வேலைக்குப் போகவில்லை.

ஒன்பதாம் மாத முடிவில் வலி கண்டது. ஆஸ்பத்திரியில் கதவைச் சாத்தினார்கள். வெளியே பெஞ்சில் நானும் அவரும். அம்மா பழமலைநாதர் கோயிலுக்கு வேண்டிக்கொள்ளப் போயிருந்தார். காலை பதினொரு மணி இருக்கும். உள்ளே கஸ்தூரி முனகும்போதெல்லாம் வளையல்கள் கட்டிலின் இரும்பில் மோதுவது கேட்டது. கட்டு எதுவும் இல்லாத வளையல்கள். ஆறு வயதுப் பெண் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது.

வளையல் சத்தம் நின்றது.

எழுந்து நின்றேன். கதவைப் பார்த்தேன். திறக்கவில்லை.

"என்னா நெனக்கிறீங்க சார்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவ செத்துட்டாளோன்னு நெனக்கிறேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்தார். இல்லை என்று சொல்லவில்லை. "உம்" என்றார். பிடித்த கையை விடவில்லை. அவருடைய கண்ணும் கதவின் மேலேயே இருந்ததை நான் கவனித்தேன்.

பிறகு குழந்தை அழுதது. கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஒரு எனாமல் தட்டில் வளையல்களோடு வெளியே வந்தார். "கையில ஊசி போட வேண்டியிருந்துச்சு, கழட்டிட்டோம். பொண்ணு பொறந்திருக்குது. தாயி நல்லாருக்குது" என்றார்.

அந்தப் பெண்தான் உமா.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்கு அவமானமானது. உமா நான்காம் வகுப்போ ஐந்தோ படித்த காலம். ஒரு காலை அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது. நான் உமாவை சைக்கிளில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஸ்கூல் மணி அடித்துவிடும்.

"என்னாங்க, என்னா விஷயம்?"

"ஒண்ணுமில்ல சார். சும்மாதான் வந்தேன்."

"அப்ப சாயங்காலம் வாங்க" என்று சொல்லி பெடலை மிதித்துவிட்டேன்.

அந்தச் சொல்லை யார் சொன்னாலும் நம்பாதவர், அவரே சொன்னார். நான் நம்பினேன். சாயங்காலம் அவர் வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. கஸ்தூரிக்கு அன்று காய்ச்சல், மறுநாள் எனக்குக் கணக்கு முடிக்கிற நாள். அந்த வாரக் கடைசியில் பக்கத்து வீடு பூட்டியிருந்தது. வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிற மங்களூர் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனதாக ஒருவர் சொன்னார். நானும் கஸ்தூரியும் பஸ் ஏறிப் போய் இரண்டு ஊரில் விசாரித்தோம். தெரியவில்லை. அவருக்கு என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. அத்தனை நாள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்தவரிடம், "நீங்க என்னா நெனக்கிறீங்க?" என்று நாங்கள் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

இப்போது உமா, வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வளையல் சத்தம் வீடு முழுக்கக் கேட்கிறது. அதனால் நான் நிம்மதியாக இருந்தேன். சத்தம் இருந்தால் சரி என்று நினைத்துவிட்டேன். போன வாரம் ஒரு மதியம், கஸ்தூரி கடைக்குப் போயிருந்தபோது, உமாவின் எதிரில் சோற்றுத் தட்டு ஆறிக் கிடப்பதைப் பார்த்தேன். மூன்று நாளாகவே அப்படித்தான் கிடந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா."

எனக்கு நாற்பத்தைந்து வயதாகிறது. அந்த ஒரு சொல்லில் முதுகு வியர்த்துவிட்டது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அத நான் நம்பலம்மா. நீ சொல்றப்ப சொல்லு."

அவள் என்னை வேடிக்கையாகப் பார்த்தாள். நான் ஒன்றும் பேசவில்லை. சோற்றில் ஈ உட்கார்ந்தது, விரட்டினேன். எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. அப்படியே இருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"இந்தக் கொழந்த மேல எனக்கு ஒரு பாசமும் வரலப்பா. எல்லாரும் வயித்தத் தொட்டுப் பாத்து சந்தோசப்படுறாங்க. எனக்கு ஒண்ணுமே தோணல. நான் என்னா பொம்பளப்பா?"

அப்படியெல்லாம் பேசாதே, பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பதில் என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினேன்.

"உம்" என்றேன்.

உமா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள், வளையல்கள் சரிந்து ஓசையிட்டன. பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். கஸ்தூரி கடையிலிருந்து வந்து, வாசலிலேயே பையோடு நின்று, எங்கள் இருவரையும் பார்த்து, சத்தமில்லாமல் வந்து மகளின் இன்னொரு பக்கம் உட்கார்ந்தபோதும் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.